எழும்பூரிலிருந்து தெப்பக்காடு வரை: வனத்துறையின் காகிதத் தடம்

காடு பார்க்கக் கிளம்புகிறவர்கள் பொள்ளாச்சிக்கோ கூடலூருக்கோ பஸ் ஏறுவார்கள். காட்டை ஆண்ட துறையின் கதை வேண்டும் என்றால் முதலில் இறங்க வேண்டிய இடம் எழும்பூர். ரயில் நிலையத்துக்கு எதிரே, காந்தி இர்வின் சாலையில், சிவப்புச் செங்கல் கட்டடத்தில் இருக்கிறது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909இல் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸாக எழும்பிய கட்டடம் அது.

இங்கே நுழைவதற்கு முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு வனத்துறை மரத்துக்காகப் பிறந்த துறை. விலங்குகள் அதன் காகிதங்களுக்குள் பிற்பாடு, பக்கவாசல் வழியாக வந்தவை. 1848இல் ஆனைமலைக் காடுகளைக் கவனிக்க ஜேம்ஸ் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரி அமர்த்தப்பட்டபோது, அங்கே தேடப்பட்டது கப்பல் கட்டத் தேக்கு. 1856இல் ஹ்யூ கிளெக்ஹார்ன் மாகாணத்தின் முதல் வனக் காப்பாளர் ஆனார். அதே ஆண்டு ஜூலையில்தான் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்துக்கு அடியில் போட ஸ்லீப்பர் கட்டை, இன்ஜினுக்கு விறகு என்று புதிய பசி வந்த காலம். ஆகவே அந்தக் காலக் கோப்புகளில் புலியைத் தேடினால் கன அடிதான் கிடைக்கும். கொன்ற புலிக்குக் கொடுத்த வெகுமதிப் பணத்தின் கணக்கு வனத்துறைக்கு வெளியே, பொது நிர்வாகத்தின் காகிதங்களில் இருக்கிறது.

தேடும் வழி இப்படி. 1882க்கு முந்தைய வன விவகாரங்களில் பெரும்பகுதி வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகளுக்குள் கிடக்கிறது. 1882இல் மதராஸ் வனச் சட்டம் வந்த பிறகு நடை மாறுகிறது: அரசாணை, அரசிதழ் அறிவிப்பு, ஆண்டு நிர்வாக அறிக்கை. முதலில் அந்தந்த ஆண்டின் அச்சிட்ட பொருளடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: ஆணை எண், துறை, தேதி. இதில் துறையை விட்டுவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால் கோப்புக் கட்டு வராது. அதே எண் பல துறைகளில் இருக்கும். பென்சில், அடையாள அட்டை, பணிபுரியும் அல்லது படிக்கும் நிறுவனத்தின் கடிதம், முழுதாக மூன்று நாட்கள், இவ்வளவும் கையில் இருக்கட்டும். காலையில் கேட்டது மாலையில் வரும் என்று ரயில் டிக்கெட் போட்டுவிடக் கூடாது. காகிதம் நொறுங்கும் நிலையில் இருந்தால் தரவே மாட்டார்கள், அது நியாயமும்கூட.

ஆண்டுக் கணக்கு இன்னொரு பொறி. வருவாய்க் காகிதங்களில் பசலி ஆண்டு வரும். அதோடு 590 கூட்டினால், அந்தப் பசலி எந்த ஆங்கில ஆண்டின் ஜூலையில் தொடங்குகிறது என்பது கிடைக்கும். பசலி 1292 என்றால் 1882 ஜூலை முதல் 1883 ஜூன் வரை. இதைக் கவனிக்காமல் எழுதப்பட்ட கட்டுரைகளில் ஒரே சம்பவம் இரண்டு ஆண்டுகளில் நடந்துவிடுகிறது.

பெயர்கள் அதைவிட மோசம். வெள்ளைக்காரர் எழுத்தில் 'ஐபெக்ஸ்' என்றால் நம் வரையாடு. 'பைசன்' காட்டெருது. 'ஜங்கிள் ஷீப்' என்பது ஆடே அல்ல, கேளையாடு என்று நாம் சொல்லும் மான்; தமிழும் அதை ஆடு என்றுதான் அழைக்கிறது என்பதால் சிரிக்க முடியாது. 'சீட்டா' என்று வந்தால் மட்டும் நிதானம் தேவை. தென்னிந்தியக் காகிதங்களில் சிறுத்தையைத்தான் பெரும்பாலும் அப்படி எழுதினார்கள். ஆனால் உண்மையான சிவிங்கிப்புலியும் அப்போது கோயம்புத்தூர்ச் சமவெளிப் பக்கம் இருந்தது. உடன் வரும் நில விவரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்: அடர்ந்த மலைச்சரிவு என்றால் சிறுத்தை, திறந்த முள்காடு என்றால் சந்தேகத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

1956இல் மாநில எல்லைகள் மாறியதும் கோப்புகளும் சிதறின. கன்னியாகுமரிக் காடுகளின் பழைய கதை திருவிதாங்கூர் ஆவணங்களில், அதாவது திருவனந்தபுரத்தில். வயநாடும் நிலம்பூரும் அப்போது மதராஸ் மாகாணம் என்பதால் எழும்பூரிலும் அகப்படும். கொள்ளேகால் இன்று கர்நாடகம். அதன் பழைய காகிதத்தைக் கோயம்புத்தூர் மாவட்டத்தின் கீழ் தேட வேண்டும்.

சென்னையை விட்டு இறங்கும் வழியில் வேடந்தாங்கல். ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் அருகே திரும்ப வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை பறவைகள் இருக்கும். ஆவணம் தேடுகிறவருக்கு இந்த ஏரி விசேஷமானது, ஏனென்றால் இங்கே பாதுகாப்பு வனத்துறைக்கு முன்பே வந்துவிட்டது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊராருக்குத் தெரியும். பறவைகளைச் சுடக் கூடாது என்று 1790களிலேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்து வாங்கினார்கள். 1858இல் அந்த உரிமையை மறுபடி உறுதிசெய்துகொண்டார்கள். வன உயிரினச் சட்டப்படி சரணாலயம் ஆனது 1998இல். ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான்; சரணாலய எல்லையோ அதைச் சுற்றி 5 கிலோமீட்டர். கரைமேல் நின்று பார்ப்பவர் கண்ணில் படுவது சரணாலயத்தின் சிறு துண்டு. மீதியெல்லாம் ஊர், வயல், சாலை. 2020இல் அந்த 5 கிலோமீட்டரை 3 ஆகக் குறைக்க முன்மொழிவு வந்தபோது எழுந்த சண்டை, இந்த வித்தியாசம் புரியாதவர்களுக்கு விளங்கியிருக்காது.

கோயம்புத்தூரில் ஆர்.எஸ். புரம், கௌலி பிரவுன் சாலை. காஸ் வன அருங்காட்சியகம் 1902இல் திறக்கப்பட்டது. பெயர் அப்போதைய வனக் காப்பாளர் ஹொரஸ் ஆர்ச்சிபால்ட் காஸுடையது. இப்போது அது மத்திய அரசின் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மாநிலத் துறையின் கதையை மத்திய அரசு வளாகத்தில் போய்ப் பார்ப்பது விசித்திரம்தான். அரசு விடுமுறை நாளில் போனால் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். பாடம் செய்து வைத்த காட்டெருதின் முன் எல்லோரும் நிற்கிறார்கள். அதைவிட அரிய விஷயம் மரத்துண்டுகளும் பூச்சி அரித்த கட்டைகளும். அதே வளாகத்தில் ஃபிஷர் தாவர மாதிரித் தொகுப்பு இருக்கிறது. ஆய்வாளர்கள் முன் அனுமதி வாங்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு தாளிலும் சேகரிப்பு எண், இடம், அடிக் கணக்கில் உயரம், தேதி எழுதியிருக்கும். எந்த அதிகாரி எந்த மாதம் எந்த மலையில் நின்றார் என்பதற்கு, அவர் எழுதிய டைரியைவிட அவர் அழுத்திக் காயவைத்த இலை நம்பகமான சாட்சி.

கோவையில் தங்கும் நாட்களில் ஒரு பழைய வொர்க்கிங் பிளானைப் படித்துவிட்டு மலையேறுவது உத்தமம். ஒரு வனக் கோட்டத்துக்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு எழுதப்படும் திட்டம் அது. முதல் பகுதி நிலம், மழை, மரம், மக்கள் உரிமை. இரண்டாம் பகுதி எந்தக் கூப்பை, அதாவது வெட்டுக்கு ஒதுக்கிய காட்டுத் துண்டை, எந்த ஆண்டு வெட்டுவது என்ற கட்டளை. பலரும் முதல் பகுதியோடு நிறுத்திவிடுகிறார்கள். பின்னிணைப்பைத் திறந்தால்தான் காடு தெரியும்: கம்பார்ட்மென்ட் என்ற உட்பிரிவு வாரியாக வெட்டியது, நட்டது, எரிந்தது. கன அடி எண்களை அப்படியே எடுத்துக் கூட்டாதீர்கள். உருட்டு மரத்தைப் பெரும்பாலும் கால்சுற்றளவு முறையில் அளந்தார்கள்: சுற்றளவை நான்கால் வகுத்து, அதை வர்க்கப்படுத்தி, நீளத்தால் பெருக்குவது. செதுக்கலில் போகும் கழிவைக் கழித்துவிட்ட கணக்கு அது. உண்மையான கன அளவில் 78.5 சதவீதம்தான் வரும். காட்டிலிருந்து போன முழு மரம் எவ்வளவு என்று அறிய, அந்த எண்ணை 1.273ஆல் பெருக்க வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, சேத்துமடை சோதனைச் சாவடி, அதன் பிறகு டாப்ஸ்லிப். மேலேயிருந்து மரங்களைச் சறுக்கிவிட்ட இடம் என்பதால் அந்தப் பெயர். சொந்த வண்டி டாப்ஸ்லிப் வரைதான். அதற்கு உள்ளே துறையின் வண்டியும் ஆளும் இல்லாமல் நகர முடியாது. அறைக்கு ஆனைமலை புலிகள் காப்பகத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீ பயத்தில் திடீரென்று மூடுவதும் உண்டு, கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் ஹ்யூகோ வுட்டின் கல்லறை. தீர்த்துக் கட்டிய தேக்குக் காட்டை மீண்டும் எழுப்பிய அதிகாரி. 1933இல் குன்னூரில் இறந்தார். கைத்தடியால் குழி குத்தித் தேக்கு விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அழகான கதை, ஆனால் காடு கைத்தடியால் திரும்பி வராது. வெட்டும் முறையை மாற்றியதும், வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்க விட்டதும்தான் வேலையின் பெரும்பகுதி. கல்லறையில் 'நினைவுச் சின்னம் தேடுகிறாயா, சுற்றிப் பார்' என்ற பொருளில் லத்தீன் வரி இருக்கிறது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் அதை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென்னுக்குப் பொறித்ததே இந்த வரி.

காட்டு ஓரத்தில் கவனித்தால் எண் பொறித்த கற்குவியல்கள் தென்படும். காகிதத்தில் இவற்றின் பெயர் 'கெய்ர்ன்'. காப்புக்காடு ஆவதற்கு இரண்டு அறிவிப்புகள் உண்டு. வனச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் வருவது 'செய்ய உத்தேசம்'. உரிமைக் கோரிக்கைகளை விசாரித்து முடித்த பின் 16ஆம் பிரிவில் வருவதுதான் முடிவு. 4ஆம் பிரிவு அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டு 'இது காப்புக்காடு' என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டுக்கும் நடுவே எத்தனையோ ஆண்டுகள் ஓடியிருக்கும், எல்லையும் சுருங்கியிருக்கும். அறிவிப்பில் எல்லை விவரணை கெய்ர்ன் எண், திசைக்கோணம், செயின் தூரம் என்று போகும். ஒரு செயின் 66 அடி, 80 செயின் ஒரு மைல். பழைய கோணத்தை இன்றைய ஃபோன் திசைகாட்டியில் வைத்துப் பார்த்தால் கல் கிடைக்காது. காந்த வடக்கு நகர்ந்துவிட்டது. ஒரு டிகிரி பிசகினால் ஒரு மைலில் 92 அடி தள்ளிப் போகும். ஒரே கல்லிலிருந்து அடுத்த கல்லைத் தேடுவதைவிட, ஓடை சேருமிடம் போல மாறாத இரண்டு புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவது பலன் தரும். இந்தச் சோதனை முழுவதையும் பொதுச் சாலையிலிருந்தோ வனவர் உடன் வரும்போதோ செய்யுங்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் கால் வைப்பதே குற்றம்.

உதகைக்கு இப்போது இ-பாஸ் வேண்டும். விலங்குகள் சட்டப் புத்தகத்துக்குள் வந்த பாதையில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. காட்டு யானைகளைக் காக்க 1873இல் மதராஸ் சட்டம் ஒன்று வந்தது. 1877இல் நீலகிரியின் வேட்டைக்காரர்கள் சேர்ந்து சங்கம் வைத்தார்கள்; 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். வன உயிரின மேலாண்மையின் முதல் பழக்கங்களான உரிமச் சீட்டு, சுடக் கூடாத மாதங்கள், காவல் ஆட்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. நோக்கம் அடுத்த ஆண்டும் சுட விலங்கு மிஞ்ச வேண்டும் என்பதே. ஆனால் மிஞ்சியது என்பதும் உண்மை. அந்த மரபில்தான் இயற்கையியலாளர் ஈ.ஆர்.சி. டேவிதார் 1975இல் வரையாட்டை எண்ணினார். அதன் நினைவாக அக்டோபர் 7 வரையாடு தினம். அரசின் வரையாடு திட்டத்தில் 2024இல் எண்ணியபோது 1,031, 2025இல் 1,303. ஓராண்டில் 272 குட்டி பிறந்து தங்கிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். முதல் ஆண்டு 140 பகுதிகள், மறு ஆண்டு 177. எண்ணிய இடம் கூடியிருக்கிறது.

கூடலூர் வழியாக இறங்கினால் தெப்பக்காடு. முதுமலை 1940இல் 60 சதுர கிலோமீட்டரில் தொடங்கிய சரணாலயம். 1956இல் 295, 1977இல் 321. ஆகவே 'முதுமலையில் இத்தனை யானை' என்று பழைய எண் எங்கே கண்டாலும், எந்த ஆண்டு முதுமலை என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். 2007இல் புலிகள் காப்பகம் ஆனது. யானைகள் முகாமில் காலையும் மாலையும் ராகி, கொள்ளு, வெல்லம், உப்பு உருண்டை கொடுப்பதைப் பார்க்கலாம். பயணிகள் கண்ணில் படாதது பதிவேடு: பெயர், பிடிபட்ட அல்லது பிறந்த நாள், உயரம், மதம் பிடித்த காலம், ஈன்ற குட்டி. பிடிபட்ட யானையின் வயது அதில் மதிப்பீடு மட்டுமே; முகாமில் பிறந்த யானையின் வயதே உறுதியானது. உயரத்தை நீங்களே சரிபார்க்கலாம்: முன்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் தோள் உயரத்துக்குப் பக்கத்தில் வரும். ஈர மண்ணில் சறுக்கிய தடத்தை அளந்தால் யானை பெரிதாகிவிடும்.

சமீபத்திய கோப்பு வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டம்தான் வழி. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை, நகல் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். நகல் கேட்பதைவிட நேரில் கோப்பைப் பார்வையிட அனுமதி கேட்பது மேல்; முதல் ஒரு மணி நேரம் இலவசம், எது தேவை என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம். கோப்பு எண்ணோடு வரும் குறியைப் பாருங்கள். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியது. டி.டிஸ். பத்து ஆண்டுகளில் அழிக்கப்படும்; அதைக் கேட்டு மேல்முறையீடு வரை போவது வீண். விலங்குகளைப் படம்பிடிக்கக் கேமரா வைத்த இடங்களின் ஆயத்தொலைவுகளையும் கேட்காதீர்கள். தர மாட்டார்கள், தரவும் கூடாது.

தெப்பக்காட்டிலிருந்து பந்திப்பூர் வழியாக மைசூரு போகிறவர்கள் இரவு 9 மணிக்குள் சாவடியைத் தாண்டியாக வேண்டும். அதன் பிறகு காலை 6 வரை சாலை மூடியிருக்கும்.