‘நான் பேசிய பையன்’ என்ற தொடரை ஒரு கற்பனை மொழியில் எப்படிச் சொல்வது?

கணினி விளையாட்டுகளுக்குக் கற்பனை மொழி உருவாக்குவது என் வேலை. ஒலிகள், சொற்கள் எல்லாம் சீக்கிரமே சேர்ந்துவிடும். வேலை நின்றுபோகிற இடம் ‘நான் பார்த்த பையன்’ மாதிரித் தொடர்கள்தான், கதை எழுதுபவர்கள் தரும் வசனங்களில் இவை இல்லாத பக்கமே கிடையாது.

தமிழில் பெயரெச்சம் இருப்பதால் நமக்கு இது சிக்கலாகத் தெரிவதில்லை. இடம், பொருள், காலம், கருவி, செய்பவன், செயல் என ஆறுக்கும் ‘செய்த’ என்ற ஒரே வடிவம் பொருந்தும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. தூங்கிய குழந்தை, தூங்கிய பாய். பாய் தூங்காது என்பது நமக்குத் தெரியும், அதனால் குழப்பமில்லை. ஆனால் ‘நான் பேசிய பையன்’? அவனோடு பேசினேனா, அவனைப் பற்றிப் பேசினேனா? வேற்றுமை உருபு போன இடம் தெரியவில்லை.

நாங்கள் செய்த மொழியில் வினை முதலில் வரும், விளக்கும் தொடர் பெயருக்குப் பின்னால் வரும். அதனால் அரபி, ஹீப்ரு வழி எனக்குப் பிடித்திருந்தது: ‘பையன், பேசினேன் நான் அவனோடு’ என்று சுட்டுப்பெயர் திரும்ப வந்து காலியிடத்தில் உட்கார்ந்துகொள்ளும். எல்லா இடத்திலும் அது வேண்டுமா என்பதில்தான் குழுவில் நிறைய வாதம். மொழியியலாளர்கள் கீனனும் காம்ரியும் 1977-இல் காட்டிய படிவரிசை அப்போது கைகொடுத்தது. எழுவாய், செயப்படுபொருள், அப்புறம் மற்ற வேற்றுமைகள், உடைமை, ஒப்பீடு என்று கீழே இறங்க இறங்க இப்படித் தொடர் அமைப்பது கடினமாகும், திரும்ப வரும் சுட்டுப்பெயரும் கீழ்ப்படிகளில்தான் அதிகம் தென்படும். ‘ஸ்டார் ட்ரெக்’ படங்களுக்காக மார்க் ஒக்ராண்ட் உருவாக்கிய கிளிங்கான் மொழியில் இந்தத் தொடரின் தலைப்பெயர், அதாவது தொடர் விளக்கும் பெயர், எழுவாயாகவோ செயப்படுபொருளாகவோதான் இருக்க முடியும், ‘நான் தப்பி வந்த கப்பல்’ என்று நேராகச் சொல்ல வழியில்லை. எங்கள் மொழி பேசுகிறவர்களோ கடலோடிகள், கப்பலைப் பற்றிப் பேசாமல் அவர்களால் இருக்க முடியாது!

கடைசியில் எழுவாய்க்குச் சுட்டு கிடையாது, செயப்படுபொருளுக்கு விருப்பம், அதற்குக் கீழே கட்டாயம் என்று வைத்தோம். விருப்பம் என்றால் எப்போது போடுவது என்று வசனம் எழுதுபவர் கேட்டார். நல்ல கேள்வி. நடுவில் இன்னொரு வினை வந்தால் போடுங்கள் என்றேன்: ‘பையன், சொன்னாய் நீ பார்த்தேன் நான் அவனை என்று’. காதுக்கு அது உடனே பிடிபடுகிறது, நடிகர்களுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

ஒப்பீடு மட்டும் பாக்கி. தமிழே அங்கே பெயரெச்சத்தை விட்டுவிட்டு ‘நான் யாரைவிட உயரமோ அவன்’ என்று வேறு வழியில் போகிறது. வசனத்தில் அது இன்னும் தேவைப்படவில்லை, ஆனாலும் அதற்கும் ஒரு விதி எழுதி வைக்கப்போகிறேன்.