மாண்டரின் தெரியாதா? விண்ணப்பத்தை அனுப்புங்கள்

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு ஆள் எடுப்பது என் வேலை. கோயிலிலோ கல்யாண வீட்டிலோ இது தெரிந்துவிட்டால் போதும், பிள்ளைகள் வந்து கேட்பது இதைத்தான்: "அக்கா, எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் மாண்டரின் கேக்குறாங்க. நாங்க எங்கதான் போறது?"

அவர்கள் கேட்பது நியாயம். ஆனால் அந்த ஒரு வரியைப் பார்த்ததும் விளம்பரத்தையே மூடிவிடுகிறார்கள் பாருங்கள், அதுதான் என்னைப் படுத்துகிறது.

மாண்டரின் இல்லாமல் நடக்காத வேலைகள் உண்டு. 2018-இல் அமெரிக்க - சீன வர்த்தகப் போர் தொடங்கிய பிறகு சீன நிறுவனங்கள் பினாங்குக்கும் பக்கத்துக் கெடா மாநிலத்தின் கூலிமுக்கும் வரத் தொடங்கின. அங்கிருந்து வரும் பொறியாளர்களோடு நாள் முழுக்க நின்று இயந்திரம் பொருத்த வேண்டுமானால் அவர்கள் மொழி வேண்டும். ஷாங்காய், தைப்பே வாடிக்கையாளர்களின் அழைப்பை எடுக்கும் சேவை மையங்களும் அப்படித்தான். அதற்கென்று சம்பளமும் கூட்டிக் கொடுக்கிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிரச்சினை மற்ற விளம்பரங்களில். சில மாதங்களுக்கு முன் டெக்னீஷியன் ஒருவர் வேண்டுமென்று ஒரு மேலாளரிடமிருந்து படிவம் வந்தது. இரவு ஷிப்ட், டிப்ளோமா, இரண்டு வருட அனுபவம், கடைசி வரியில் 'மாண்டரின் கட்டாயம்'. போன் போட்டு, எதற்கு என்று கேட்டேன். இயந்திரம் தைவானிலிருந்து வந்தது என்றார். கையேடு எந்த மொழியில் என்றேன். ஆங்கிலம். பழுது வந்தால் தைவான்காரர்களோடு யார் பேசுவது? பொறியாளர், அதுவும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல். அப்புறம்தான் உண்மையான காரணம் வந்தது: முன்பு அந்த இடத்தில் இருந்தவருக்கு மாண்டரின் தெரியும், பழைய விளம்பரத்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். மனிதர் கெட்டவரில்லை. அவரை அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். வரியை எடுத்துவிட்டுப் போட்டோம். கூலிம் பொலிடெக்னிக்கில் படித்த ஒரு தம்பி வந்தார். சென்சார் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று அதே மேலாளர் கேட்க, வெள்ளைப் பலகையில் படம் போட்டே விளக்கினார். அந்த வாரமே வேலை உறுதியானது. பழைய விளம்பரமே வெளியாகியிருந்தால் அவர் விண்ணப்பித்தே இருக்கமாட்டார்.

இதைச் சட்டம் சரி செய்யும் என்று காத்திருக்கவும் முடியாது. வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 69எஃப் பிரிவு, ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையே வரும் பாகுபாட்டுத் தகராறை விசாரிக்கத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் தருகிறது. அது ஊழியருக்கு. விண்ணப்பம் போட்டு, கூப்பிடாமலே விடப்பட்டவர் இன்னும் ஊழியர் ஆகவில்லையே! விளம்பரக் கட்டத்துக்கும் சட்டம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2024 மே மாதம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகத்தில் 60,000 பொறியாளர்களை உருவாக்குவதாக அரசாங்கம் இலக்கு வைத்திருக்கிறது. பயிற்சி பெற்ற பலர் சிங்கப்பூர் பக்கம் போய்விடுகிறார்கள். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று எல்லாத் தொழிற்சாலையும் புலம்பும்போது, தேவையில்லாத ஒரு வரிக்காக இங்கேயே இருக்கிற பிள்ளைகளை வாசலில் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 'தெரிந்திருந்தால் கூடுதல் நன்மை' என்று போட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அனுப்புங்கள். 'கட்டாயம்' என்றிருந்தால், பொறுப்புப் பட்டியலைப் படியுங்கள். சீனா, தைவான், ஹாங்காங் என்று ஏதாவது பேர் அதில் வருகிறதா? வரவில்லை என்றால் ஆள் எடுப்பவருக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள்: இந்த வேலையில் மாண்டரின் எதற்குப் பயன்படும்? மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பதில் சொல்வதற்காகவே மேலாளரைக் கூப்பிட வேண்டி வரும், அங்கேதான் வரி ஆட்டம் காணும். இணையத்தில் விண்ணப்பிக்கும்போது எந்தெந்த மொழி தெரியும் என்ற கேள்வி வந்தால் பொய் சொல்லாதீர்கள், நேர்முகத் தேர்வில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தக் கேள்வியிலேயே உங்கள் விண்ணப்பம் வடிகட்டப்படலாம் என்பதால், முடிந்தால் ரெசூமேயை நேரடியாக மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. "நமக்கெல்லாம் அங்க கிடைக்காதுப்பா" என்று பிள்ளை காதுபட வீட்டில் சொல்லாதீர்கள். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், கேள்விக்கு விடை தெரிந்தும் தலை குனிந்து என் முன்னால் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.