அன்னா மே வாங்குக்குக் கிடைக்காத வேடம்

அன்னா மே வாங்கை நினைத்தாலே மனசு கனத்துப்போகிறது. 1905இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த சீன வம்சாவளிப் பெண். 1930களில் ஹாலிவுட்டில் பேர் வாங்கிய நட்சத்திரம்.

சீன விவசாயக் குடும்பத்தின் கதையான ‘தி குட் எர்த்’தை எம்ஜிஎம் ஸ்டூடியோ படமாக எடுத்தபோது, நாயகி ஓ-லான் வேடத்துக்கு ஆசைப்பட்டார். கிடைக்கவில்லை. கணவனாக நடிக்க வெள்ளைக்காரரான பால் முனியைப் போட்டாகிவிட்டது. அன்றைய தணிக்கை விதிப்படி வெள்ளையரும் வேற்று இனத்தவரும் திரையில் ஜோடியாக வரக் கூடாது. அதாவது அவருக்கு மனைவியாக ஒரு சீனப் பெண் நடிக்க முடியாது, சீனப் பெண்ணாக மேக்கப் போட்ட வெள்ளைக்காரப் பெண் நடிக்கலாம்! என்ன அநியாயம் இது? ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னர் நடித்தார், ஆஸ்கரும் வாங்கினார்.

அன்னா மேயைக் கூப்பிட்டது லோட்டஸ் வேடத்துக்கு. வீட்டுக்குள் வந்து குடும்பத்தைக் குலைக்கும் இரண்டாம் மனைவி. முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த ‘முடியாது’வுக்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அப்புறம் 2023இல் சீன வம்சாவளி நடிகையான மிஷெல் யோ சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வாங்கினார். அன்று மேடையைப் பார்த்தபோது எனக்கு அன்னா மே ஞாபகம்தான் வந்தது.