184-இல் கந்தகத்தைத் தேடுவது

எங்கள் லேபில் புதிதாகச் சேருபவர்கள் ஜிசி-எம்எஸ் (கலவையைப் பிரித்து, ஒவ்வொரு சேர்மத்தின் அயனிகளையும் நிறைபார்க்கும் கருவி) முன்னால் உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, லைப்ரரி மேட்ச் 92 வந்திருக்கு, பேரை எழுதிடலாமா?" சாம்பிளின் ஸ்பெக்ட்ரம், அதாவது நிறைகளின் படம், தெரிந்த சேர்மங்களின் தொகுப்போடு நூற்றுக்கு 92 பொருந்துகிறது என்று அர்த்தம். டீசல் சாம்பிள் என்றால் நான் உடனே சரி சொல்ல மாட்டேன்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற வாகனப் புகை விதி வந்தபின் நம் டீசலில் கந்தகம் 10 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. அதற்கு முன் 50. சுத்திகரிப்புக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் டைபென்சோதயோஃபீன் என்ற கந்தகச் சேர்மத்தின் குடும்பம். அதிலும் 4,6-டைமெத்தில் வகை மகா பிடிவாதம். கந்தகத்துக்கு இருபுறமும் மெத்தில் குழுக்கள் அடைத்து நிற்பதால் வினையூக்கியால் எளிதில் நெருங்க முடியாது.

டைபென்சோதயோஃபீனின் நிறை எண் 184. கந்தகமே இல்லாத, நான்கு கார்பன் கூடுதலாக ஒட்டிய நாஃப்தலீன்களுக்கும் அதே 184. துல்லியமாக அளந்தால் ஒன்று 184.03, மற்றது 184.13. முழு எண் அளவில் மட்டுமே நிறையைப் பிரிக்கும் சாதாரண குவாட்ரபோல் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். போதாததற்கு, டீசலில் இரண்டும் ஜிசியின் பிரிக்கும் குழாயிலிருந்து கிட்டத்தட்ட ஒரே நேரப் பகுதியில் வெளியே வரும்.

நான் முதலில் 186-ஐத் திறந்து பார்ப்பேன். இயற்கைக் கந்தகத்தில் நூற்றுக்கு நாலு அணுவுக்குச் சற்று மேல் கந்தகம்-34. ஆகவே உண்மையான டைபென்சோதயோஃபீன் என்றால் 186 பீக், 184-இன் உயரத்தில் 5 சதவீதம் போல எழும்ப வேண்டும். வெறும் ஹைட்ரோகார்பன் என்றால் 1 சதவீதம்தான். அடுத்து 169 (184-இலிருந்து 15 நிறையுள்ள ஒரு மெத்தில் கழன்றது). அது 184-உடன் சேர்ந்தே ஏறி இறங்கினால், மெத்திலை இழக்கும் அந்த நாஃப்தலீன் உள்ளே கலந்திருக்கிறது. இவ்வளவும் பார்க்க ரெண்டு நிமிஷம் ஆகாது.

இந்தக் கலவையைப் பிரித்துத் தருவதில் ஆம்டிஸ் எனக்கு மிகவும் பிடித்த மென்பொருள். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் உருவாக்கியது. ரசாயன ஆயுத ஒப்பந்தச் சோதனைகளுக்காகப் பிறந்தது. ஒரே கணத்தில் உச்சம் தொடும் அயனிகளை ஒரு சேர்மத்துடையவை என்று கட்டி, பக்கத்துப் பீக்கின் அழுக்கைக் கழித்த ஸ்பெக்ட்ரத்தை லைப்ரரியோடு ஒப்பிடும். டீசலின் பேஸ்லைன் பெரிய மேடாக எழும்பி நிற்கும்போது இது பெரிய உதவி. ஆனால் சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைத்தால் இரைச்சலுக்கெல்லாம் பெயர் சூட்டிவிடும். மிதமாக வைத்துத் தொடங்குங்கள்.

ஒரே அணுக்கள் வேறு இடங்களில் ஒட்டிய ஐசோமர்களிடம் மட்டும் எந்த மென்பொருளும் திணறும். 212-இல் வரும் டைமெத்தில் வகைகளின் ஸ்பெக்ட்ரங்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். மேட்ச் 95 என்றாலும் எந்த இடத்தில் மெத்தில் என்று அது சொல்லாது. அங்கே வெளிவரும் நேரம்தான் சாட்சி. நாஃப்தலீனை 200, ஃபினாந்த்ரீனை 300 என்று வைக்கும் லீ குறியீட்டில் அந்த நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டால், ஜிசி குழாயை வெட்டிச் சுருக்கிய பிறகும் எண்கள் அதிகம் ஆடாது.

ஆகவே ரிப்போர்ட்டில் முதலில் "சி2-டைபென்சோதயோஃபீன்" (கூடுதலாக இரண்டு கார்பன், இடம் குறிப்பிடாமல்) என்று மட்டும் எழுதச் சொல்வேன். அதே குழாயில் 4,6 வகையின் தூய ஸ்டாண்டர்டை ஏற்றி நேரம் பொருந்திய பிறகே 4,6 என்ற எண்களைச் சேர்க்கலாம்.