ஃபார்முக்குள் தங்கிவிட்ட பன்னிரண்டரை

2011 ஜூலை 12 அன்று தமிழ்நாட்டில் வாட் (அப்போதிருந்த மதிப்புக் கூட்டு வரி) ஏறியது. 4 சதவீதம் 5 ஆனது, 12.5 சதவீதம் 14.5 ஆனது. எங்கள் பில்லிங் மென்பொருள் விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ என்ற நிரல் மொழியில் எழுதியது. எனக்கு முன்னால் இருந்தவர் இந்த விகிதங்களை ஒரு ஹெடர் ஃபைலில் (பல நிரல்களுக்கும் பொதுவான ஃபைல்) #டிஃபைன் போட்டு, அதாவது ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மாறிலிப் பெயர் கொடுத்து, வைத்திருந்தார். சரி, எண்ணை மாற்றி, எக்ஸி (கடையில் ஓடும் ஃபைல்) பில்ட் செய்து கடைகளுக்கு அனுப்பியாயிற்று.

மறுநாளே ஒரு பெயிண்ட் கடையிலிருந்து போன். "சார், பில்லுல பழைய பன்னிரண்டரைதான் வருது. தினக் கணக்குல மட்டும் பதினாலரை காட்டுது."

அந்த 'மட்டும்'தான் துப்பு கொடுத்தது. தினக் கணக்கு இருந்த பிஆர்ஜி ஃபைலில் (நிரல் ஃபைல்) அதே வாரம் வேறு ஏதோ திருத்தியிருந்தோம். அதனால் அது புதிதாகக் கம்பைல் ஆகியிருந்தது, அதாவது ஓடக்கூடிய வடிவத்துக்கு மாறியிருந்தது. பில் போடும் திரையான ஃபார்மை யாரும் தொடவில்லை. #டிஃபைன் என்பது மாறி அல்ல. கம்பைல் ஆகும் நேரத்தில் பெயரை எடுத்துவிட்டு எண்ணை வைத்துவிடும், அதோடு சரி. ஹெடர் மாறியதா என்று ஃபாக்ஸ்ப்ரோ பார்ப்பதில்லை.

ஃபார்மை வைத்திருக்கும் எஸ்சிஎக்ஸ் ஃபைலும் ஒரு டேபிள்தான் என்பது இந்த மாதிரி நேரத்தில் பெரிய வசதி. யூஸ் கட்டளையில் திறந்து பிரவுஸ் செய்தால், 'மெத்தட்ஸ்' என்ற மெமோ புலத்தில் நாம் எழுதிய நிரல் அப்படியே இருக்கும்; பக்கத்தில் 'ஆப்ஜ்கோட்' மெமோவில் கம்பைல் ஆன வடிவம். முதலாவதில் மாறிலியின் பெயர் இருக்கிறது, ஓடுவதோ இரண்டாவது. பில்ட் செய்யும்போது 'ரீகம்பைல் ஆல் ஃபைல்ஸ்' டிக் செய்ததும் பில் சரியாகிவிட்டது.

ரிப்போர்ட்டில் இந்த வைத்தியமும் எடுபடாது. அங்கே எக்ஸ்பிரஷன் ஓடும்போதுதான் கணக்கிடப்படும், மாறிலியின் பெயரைப் போட்டால் அப்படி ஒரு மாறியே இல்லை என்று பிழை வரும். நிரலிலும் மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயர் எண்ணாக மாறாது. ஆனால் சதுர அடைப்புக்குள் சரம் (எழுத்துத் தொடர்) எழுதினால் உள்ளே புகுந்து மாற்றிவிடும்! இதில் என்ன நியாயமோ.

அப்புறம் விகிதத்தை டேபிளுக்கே கொண்டுபோனோம், எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற நெடுவரிசையோடு. ஜூன் மாதம் விற்ற டப்பா ஆகஸ்டில் திரும்பி வந்தால் அதற்குப் பன்னிரண்டரைதானே கழிக்க வேண்டும்.