வியன்னாவில் ஹோ ஃபெங்-ஷான் இருந்த இடம்

வியன்னா போகிறவர்கள் அரண்மனை பார்ப்பார்கள், கச்சேரி கேட்பார்கள். நான் முதலில் தேடிப் போனது பழைய சீனத் துணைத் தூதரகம் இருந்த இடத்தை. ஸ்டாட்பார்க் மெட்ரோவில் இறங்கிச் சற்று நடந்தால் பீத்தோவன்பிளாட்ஸ். நடுவே உயரமான பீடத்தில் பீத்தோவன் உட்கார்ந்திருக்கிறார். கீழே சிறகுள்ள குழந்தைகள். இங்கே 3ஆம் எண் கட்டடத்தில்தான் 1938-இல் ஹோ ஃபெங்-ஷான் அந்தத் துணைத் தூதரகத்தின் தலைவராக வேலை பார்த்தார்.

ஹுனான் மாகாணத்து ஏழை வீட்டில் 1901-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பாவை இழந்து, நார்வே மிஷனரிகளின் உதவியால் படித்து, மியூனிக்கில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். நாட்டை விட்டுப் போகும் யூதர்கள், போக ஓர் இடம் உண்டென்று காகிதத்தில் காட்ட வேண்டும். டாஹவ் வதைமுகாமில் கிடந்தவர்களைக்கூட அந்தக் காகிதம் வெளியே கொண்டுவந்தது. பெரும்பாலான நாடுகள் கதவைத் திறக்கவில்லை. பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஐம்பது தூதரகம் ஏறி இறங்கிவிட்டுக் கடைசியில் இங்கே வந்தான். குடும்பத்துக்கும் உறவினர்களுக்குமாக 20 விசா கிடைத்தது. அத்தனையும் ஷாங்காய்க்கு. அந்தத் துறைமுகத்தில் இறங்க அப்போது விசாவே தேவையில்லை! ஹோவுக்கும் அது தெரியும். ஆஸ்திரியாவை விட்டு வெளியேற வேண்டியிருந்ததே, அதற்குத்தான் அவர் முத்திரை குத்திக் கொடுத்தார். பலர் அதைக் காட்டி வெளியேறி, வேறு நாடுகளில் குடியேறினார்கள். அக்டோபர் கடைசியில் கொடுத்த ஒரு விசாவின் எண் 1900-ஐத் தாண்டுகிறது.

பெர்லினில் இருந்த மேலதிகாரி, தூதர் சென் ஜியே, நிறுத்தச் சொன்னார். ஹோ கேட்கவில்லை. கட்டடம் யூதருக்குச் சொந்தமானது என்று நாஜிகள் பறித்துக்கொண்டார்கள். புது இடத்துக்கு அரசு பணம் தரவில்லை. டிராம் ஓடும் ரிங் சாலையைக் கடந்து நானும் யோஹன்னெஸ்காஸே 22 வரை நடந்தேன்; பக்கம்தான். அங்கே சிறிய இடம் பிடித்து, கைக்காசில் வாடகை கொடுத்து அலுவலகம் நடத்தியிருக்கிறார். மேலதிகாரி சொன்னார் என்று அன்றைக்கு நிறுத்தியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் அவர் மேல் எனக்கு இத்தனை மரியாதை.

1940-இல் வியன்னாவை விட்டுப் போனார். பிறகு எகிப்து, மெக்சிகோ, பொலிவியா, கொலம்பியா என்று தூதராக இருந்து, 1973-இல் ஓய்வு பெற்று சான் பிரான்சிஸ்கோவில் குடியேறினார். 1997-இல், 96 வயதில் இறந்தார். மூன்று வருடம் கழித்துத்தான் நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களுக்கான இஸ்ரேலின் நினைவு நிறுவனமான யாத் வஷேம் அவரைக் கௌரவித்தது. நாற்பது வருடத்துக்குக் கிட்ட உழைத்தவருக்கு, பின்னாளில் தைவானுக்கு இடம்பெயர்ந்த அவருடைய சீன அரசு ஓய்வூதியம் தர மறுத்துவிட்டது.