படம் எடுத்தவரைத் தேடிப் பிடித்த கதை

மரங்கொத்திகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி முடித்திருந்தேன். பொந்திலிருந்து தலையை நீட்டும் குஞ்சுக்குத் தாய்ப்பறவை இரை ஊட்டும் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டுரைக்கு அவ்வளவு பொருத்தம். ஆனால் எடுத்தவர் பெயர் இல்லை.

“நன்றி: இணையம் என்று போட்டுவிடேன்” என்றார் நண்பர். எனக்கு மனம் ஒப்பவில்லை. பொந்துக்கு எதிரே மணிக்கணக்கில் காத்திருந்து எடுத்தவர் ஒரு மனிதர். 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்தின்படி படைப்பாளருக்குப் பதிப்புரிமை தானாகவே வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை. பெயர் போடுவது மரியாதை, அது அனுமதி ஆகிவிடாது.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் கேமரா விவரங்கள் அழிந்துபோயிருக்கும். அதனால், ஒரு படத்தின் நகல்கள் இணையத்தில் எங்கெல்லாம் இருக்கின்றன என்று தேடித் தரும் டின்ஐ (TinEye) தளத்தில் படத்தை ஏற்றித் தேடினேன். நகல்கள் வரிசையாக வந்தன. அளவில் பெரியது முதலில் வரும்படி அடுக்கிப் பார்த்ததும் வழி பிறந்தது. முதலில் வந்த படத்தில் வலது கீழ் மூலையில், மரப்பட்டையோடு கலந்த மாதிரி, சின்னதாக ஒரு கையெழுத்து! வாட்ஸ்அப் படத்தில் அந்த மூலையே இல்லை. யாரோ வெட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது உண்மையிலேயே கோபம் வந்தது.

அந்தப் பெயரை வைத்துத் தேடியதில் படங்களைப் பகிரும் ஃபிளிக்கர் தளத்தில் அவருடைய பக்கம் கிடைத்தது. ‘அனைத்து உரிமைகளும் உடையவருக்கே’ என்று இருந்தது. சரி, கேட்டுவிடலாம் என்று எழுதினேன். எந்தக் கட்டுரை, எந்த அளவில் வரும், வெட்டுவேனா, இதில் எனக்கு வருமானம் உண்டா என்று எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டேன். “பயன்படுத்தலாமா?” என்று மொட்டையாகக் கேட்டால் யார்தான் பதில் போடுவார்கள்?

பதில் வரக் கொஞ்சம் நாளானது. இந்தக் கட்டுரைக்கு மட்டும், வெட்டாமல், பெயரோடு போடலாம் என்றார். கூடு இருக்கும் இடத்தை எங்கும் எழுதவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மற்ற படங்களை, பலரும் பயன்படுத்தத் திறந்துவைத்த படங்களின் தொகுப்பான விக்கிமீடியா காமன்ஸிலிருந்து எடுத்தேன். அங்கே ஒவ்வொரு படத்துக்கும் உரிமம் எழுதியிருக்கும். எடுத்தவர் பெயர், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் (சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த முன்கூட்டியே தரும் அனுமதி) பெயர், அதற்கான இணைப்பு, நான் செய்த மாற்றம் எல்லாவற்றையும் படத்துக்குக் கீழேயே கொடுத்தேன்.

அப்புறம் ஓர் இதழ் கட்டுரையை மறுபதிப்புக்குக் கேட்டது. எழுத்தைக் கொடுத்தேன். மரங்கொத்திப் படத்துக்கு அவரிடமே கேளுங்கள் என்று சொல்லி, அவர் பக்கத்தின் முகவரியை அனுப்பிவைத்தேன்.